சலங்கை பூஜைக்கு யாரையும் வேண்டாமென்று சொல்லவில்லை

உ
வேலும் மயிலும் துணை

மாசி 4, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. மாடியில் மிளகாய் காயப்போட்டேன்.

பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் வந்தவை, மறக்காமல் இருக்க:

புதன் மூன்று மணி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். (நான் உறுப்பினர். போகணும்.)
வெள்ளி, ஆறாம் வகுப்புக்குக் கண் பரிசோதனை.
அடுத்த வாரம் வெள்ளி, ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் இன்னும் முடிவாகவில்லை. ஊரில் அதற்கும் சண்டை.
ஆண்டு விழாவில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களின் வள்ளிக் கும்மி.

கும்மிக்குத்தான் எல்லாரும் காத்திருக்கிறார்கள். முருகன் வள்ளியைக் கல்யாணம் செய்த கதையைப் பாடிக்கொண்டே வட்டம் கட்டி ஆடுவது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாத்தியார் தினமும் சாயங்காலம் வந்து பழக்குகிறார். குழுவின் சார்பில் நான் உடன் இருக்கிறேன், சுக்குக் காபியோடு. எட்டாவதுக்கு மேல் படிக்காதவளுக்கு இதுவாவது கிடைத்ததே.

வட்டத்தில் முதல் ஆள் சுவேதா. என் மகள் கவி இரண்டாவது. இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. சுவேதா காலனிப் பிள்ளை. அவள் அம்மா ராணிக்கு நூல் மில்லில் வேலை. அப்பா லாரியில் போனால் திரும்ப வாரக்கணக்கு ஆகும்.

சுவேதா கையைத் தட்டித் திரும்பினால் பின்னால் அத்தனை பாவாடையும் ஒன்றாகத் திரும்புகிறது. பார்த்துக்கொண்டே இருந்ததில் இன்று காபி ஆறிப்போனது.

கவியின் பச்சைத் தாவணிக்கு ஓரம் அடிக்கணும். சாமி விளக்குக்குத் திரி வாங்கணும்.

மாசி 6, புதன்

கூட்டம். கழிப்பறைக் கதவு, குடிதண்ணீர்த் தொட்டி, சைக்கிள் நிறுத்த ஷெட். மூன்று கூட்டமாக இதே மூன்றும்.

கடைசியில் கும்மி வாத்தியார் எழுந்தார். கை கூப்பியபடியே பேசும் மனிதர்.

"ஆடறதுக்கு முன்னால சலங்கைய சாமி முன்னால வெச்சுக் கும்புட்டுத்தானுங்க காலுல கட்டோணும். அடுத்த புதங்கிழமை நம்ம கோயில்ல வெச்சுக்கலாமுங்க. பூஜையில சலங்கை வாங்காத புள்ளைங்க ஆடக்கூடாதுங்க. அது ஐதீகமுங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும். நல்ல காரியம்தானே.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது சரஸ்வதி அக்கா முழங்கையால் இடித்தார். குழுவின் தலைவி. பெரிய தோட்டத்துக்காரர்.

"அப்ப உன்ற கவிதான் இனி முதல் ஆளு. சந்தோசமா?"

எனக்கு விளங்கவில்லை. "சுவேதா இருக்கறாளேங்க" என்றேன்.

"அவ எப்படியம்மணி நம்ம கோயிலுக்கு வருவா?"

அப்போதுதான் உறைத்தது. காலனி ஆட்கள் அந்தக் கோயிலுக்கு வெளியே வேப்பமரம் வரைக்கும்தான். தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் கும்மியில் உண்டு. அவர்கள் வரலாமாம். ஒரே ஒரு பிள்ளைதான் வரக்கூடாது. அதை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே தலையாட்டி முடித்துவிட்டோம்.

ரசத்துக்கு உப்பு இரண்டு தரம் போட்டேன் போல. இவர் ரசத்தை விட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

மாசி 8, வெள்ளி. கிருத்திகை

விரதம். காலை பால் மட்டும். முருகனுக்கு அரளி மாலை.

சாயங்காலம் பழக்கத்தில் வாத்தியார் சுவேதாவைத் தனியாகக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

"கண்ணு, நீ தங்கமான புள்ள. உன்னாட்ட ஆடறதுக்கு இந்தச் சுத்துல ஆளு கெடையாது. ஆனா பூஜை கோயில்ல வருதில்ல. உனக்கு எதுக்குச் சங்கடம்? வாத்தியாரு நானு உன்னய மறக்க மாட்டேன், செரியா?"

"செரிங்க சார்."

அவ்வளவுதான். அழவில்லை, ஏனென்று கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு சைக்கிள் பக்கம் போனாள். அழுதிருந்தால் தேவலை.

வாத்தியாரிடம் கேட்டேன்: "ஏனுங்க, பூஜைய ஸ்கூல்லயே வெச்சுக்கலாமுங்களே?"

"நல்ல யோசனைங்க. ஹெச்.எம். அம்மாகிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க" என்றார் சிரித்தபடி. இந்த ஊரில் இல்லை என்பதை இப்படித்தான் சொல்வார்கள்.

இங்கே யாரும் யாரையும் திட்டுவதில்லை. 'ங்க' போட்டே கழுத்தைப் பிடித்து வெளியே விடுவார்கள்.

வீட்டில் கவி கண்ணாடி முன்னால் கையை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, நாந்தான் முதல்ல. சார் சொல்லிட்டாரு."

"சுவேதா?"

"அவ வரலையாம்மா. அவளுக்கு ஏதோ சங்கடமாம்."

பதினான்கு வயது. தெரிந்துதான் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். தெரிந்துதான் சொல்கிறாள். யாரிடம் கற்றாள்? நான் சொல்லித்தரவில்லை என்று எழுத வந்தேன். பேனா நின்றுவிட்டது.

விளக்கு முன்னால் வெகுநேரம். வள்ளி யார்? தினைப்புனத்தில் கவண் சுற்றிக் கிளி விரட்டிய வேடர் வீட்டுப் பெண். அவளைத் தேடித்தானே அப்பன் முருகன் கிழவேடம் போட்டுக் காடெல்லாம் அலைந்தான். அவளே இன்று சலங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்தால் வாத்தியார் என்ன சொல்வார்? தங்கமான புள்ள என்பார்.

மாசி 11, திங்கள்

மேற்குக் காற்று. துணி கொடியில் நிற்கவில்லை.

ஆண்டு விழாவுக்காக அவசரக் கூட்டம். தீர்மானித்துத்தான் போனேன். பந்தல், நாற்காலி, மைக் எல்லாம் பேசி முடித்ததும் எழுந்தேன்.

"ராணி பொண்ணு சுவேதாவ கும்மியில இருந்து எடுத்திருக்கறது சரியில்லைங்க. பூஜைய ஸ்கூல்லயே வெச்சா அவளும் வரலாமுங்க."

சரஸ்வதி அக்கா ஹெச்.எம். அம்மாவைப் பார்த்தார்.

ஹெச்.எம். அம்மா திருச்சிப் பக்கம். ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான். "மேடம், கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல நாம எந்தப் பூஜையும் வைக்க முடியாது. ரூல்ஸ் இருக்கு. வெளியில அவங்க கோயில்ல நடக்கிறது நம்ம நிகழ்ச்சியே இல்ல. நான் எந்தப் பிள்ளையையும் ஆட வேணாம்னு சொல்லல."

"நானுஞ் சொல்லலீங்களே" என்றார் வாத்தியார்.

"நானெங்க சொன்னேன்?" என்றார் சரஸ்வதி அக்கா.

யாருமே சொல்லவில்லை. பிள்ளை மட்டும் வட்டத்தில் இல்லை.

வள்ளியைப் பற்றி மனதில் இருந்ததையும் சொல்லிப்போட்டேன். சரஸ்வதி அக்கா சிரித்தார். "அது சாமி கதையம்மணி. சாமி செஞ்சதையெல்லாம் நாம செய்ய முடியுமா? வெசம் குடிச்ச சாமியுந்தான் இருக்குது, நீ குடிப்பியா?"

நல்ல பதில்தான். கூட்டமே சிரித்தது. பள்ளிக்கூட வாட்ச்மேன் கூடச் சிரித்தார்.

பின்னாலிருந்து யாரோ, மெதுவாக: "பொஸ்தகம் படிக்கற பொம்பளைங்க இருக்கற ஊட்ல ஆம்பளைக்கு இம்சைதான்."

கடைசியில் ஹெச்.எம். ஒரு வழி கண்டுபிடித்தார். சுவேதாவுக்கு நல்ல குரல், விழா முழுக்க மைக்கில் நிகழ்ச்சிகளை அறிவிக்கட்டும். எல்லாருக்கும் பெரிய நிம்மதி. வாத்தியார் தானே முதலில் கை தட்டினார். வீடு வரும்வரை அந்தக் கைதட்டல் காதில்.

மாசி 12, செவ்வாய்

இவர் காதுக்குக் கூட்டத்துச் செய்தி டீக்கடையிலேயே வந்துவிட்டது. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, கால் கூடக் கழுவாமல்:

"ஏம்புள்ள, ஊருல இருக்கறதா வேண்டாமா? நாளைக்கு நம்ம புள்ளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா இந்த சனந்தான் வரோணும்."

"தப்பா ஒண்ணும் பேசலீங்களே."

"தப்பு ரைட்டு யாரு கேட்டா?"

சொல்லிவிட்டேன், கவி சலங்கை பூஜைக்குப் போகமாட்டாள் என்று. என் மகள், என் சொல். கவி தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். இவர் சாப்பிட்டு முடித்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மனசு கொஞ்சம் லேசானது. நாமாவது நின்றோம் என்று.

பூக்காரி, எண்ணெய், தாவணி ஓரம். கணக்கு தனி நோட்டில்.

மாசி 13, புதன்

ரேஷன் கடையில் வரிசை. வீடு திரும்பியபோது பூட்டு.

பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்: "கவியும் அவங்கப்பாவும் வண்டியில கோயிலுக்குப் போனாங்களேங்கக்கா. பச்சைப் பாவாடையில புள்ள அம்மனாட்டமே இருந்துச்சு. நீங்க போகலீங்களா?"

தலைவலி என்றேன்.

ஏழு மணிக்கு வந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு. கையில் சலங்கை, மஞ்சள் துணியில் சுற்றி. கவி நேராக அறைக்குள் போனாள். இவர் பிரசாதத்தைச் சமையல் மேடையில் வைத்தார். சர்க்கரைப் பொங்கல், இன்னும் சூடாக.

சாமி பிரசாதம். கொட்டினால் பாவம். தின்றேன்.

மாசி 15, வெள்ளி. ஆண்டு விழா

ஐந்து மணிக்கு ஆரம்பம் என்று ஆறரைக்கு. சிறப்பு விருந்தினர் தாமதம். பேச்சு நீளம். பத்தாம் வகுப்புக்கு வாழ்த்து, மரக்கன்று, பொன்னாடை, மறுபடி பொன்னாடை.

சுவேதா நீல தாவணியில் மைக் முன்னால். எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்து வாசித்தாள். "அடுத்ததாக, நம் மண்ணின் பெருமை, நம் எல்லோரின் கலை, வள்ளிக் கும்மி." எல்லோரின் என்ற இடத்தில் குரல் தடுக்கும் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. தெளிவாக, அழகாக. கை தட்டினார்கள். அவள் மேடை ஓரத்துக்கு நகர்ந்து நின்றுகொண்டாள்.

கவி முதல் ஆள். வட்டம் சுழன்றது. ஓர் அடி பிசகவில்லை. சுவேதா இல்லாமல் தடுமாறுவார்கள், அப்போதாவது இந்த ஊருக்கு உறைக்கும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. தாயாக இருந்துகொண்டு இப்படி ஒரு வேண்டுதல். முருகன் கேட்கவில்லை. எல்லாம் பிரமாதம். யாரும் எதையும் இழக்கவில்லை. பக்கத்தில் சரஸ்வதி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன்ற புள்ள என்னமா ஆடறா."

ராணி பின்வரிசையில் மில் சட்டையோடு நின்றிருந்தாள். போய்ப் பேசலாம் என்று எழுந்தேன். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கும்பலில் கவனிக்கவில்லை போல என்று உட்கார்ந்தேன்.

மாசி 17, ஞாயிறு

மிளகாய் காய்ந்துவிட்டது. அரைக்கக் கொடுக்கணும்.

வாட்ஸ்அப் குழுவில் செய்தி: வருகிற வெள்ளி பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், ஆண்டு விழா சிறப்பாக நடந்ததற்கு நன்றி சொல்ல. கும்மி வீடியோவுக்குக் கீழே ஐம்பது பூங்கொத்து. கவி அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை.

சாயங்காலம் வாசலில் ராணி. கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். தோளில் பை, சாப்பாட்டுத் தூக்கு. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதத்தான் வேண்டும்.

"ஏனுங்கக்கா, கூட்டத்துல எம்பேரச் சொல்லிப் பேசுனீங்களாமா?"

"சுவேதாவுக்காகத்தான் ராணி."

"எங்க சூப்பர்வைசரு அந்தக் கும்மி வாத்தியாருக்கு மச்சானுங்க. அன்னிக்கு சாயந்தரமே கூப்புட்டுப்போட்டாருங்க. ஏம்மா ராணி, கோயிலுக்குள்ள போகோணும்னு ஆளு வெச்சுப் பேசறயாமேன்னு. நா எங்கீங்க ஆளு வெச்சேன்? எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

"நான் போய் அவர்கிட்ட எடுத்துச் சொல்றேன்."

"வேண்டாமுங்க. நீங்க பேசவே வேண்டாமுங்க." குரல் உயரவில்லை. "இன்னிக்கிருந்து என்னய ராத்திரி ஷிப்டுல போட்டுட்டாங்க. எவ்வளவோ கெஞ்சிப் பாத்தனுங்க. அவங்கப்பா வர இன்னும் பத்து நாளாகும். வயசுக்கு வந்த புள்ளைய அந்த ஒத்தை ஊட்ல தனியா விட்டுப்போட்டு நா எப்படீங்க மெஷின்ல நிக்கறது?"

கேட்டின் தாழை நீக்கினேன்.

"நீங்க நல்லதுக்குத்தானுங்க பேசுனீங்க. இல்லைங்கல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க. ஆடலைன்னா போச்சுன்னு நாங்க விட்டுட்டமுங்க அக்கா. எங்களுக்கு அது பழக்கந்தான்."

உள்ளே வா என்றேன். பரவாயில்லைங்க என்றாள்.

ராத்திரிக்கு சுவேதாவை இங்கே அனுப்பிவிடு, கவியோடு படுத்துக்கொள்ளட்டும். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே கூடத்தில் இவர் இருமினார். ஒரு தரம்தான்.

ராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தூக்கை மறு கைக்கு மாற்றினாள்.

"மில்லு வண்டி வந்துருமுங்க. வாரனுங்க அக்கா."

சரி ராணி, பார்த்துப் போ என்றேன்.