கேட்காமல் மூடிய வால்வு

சார்,

நேற்று பரணைக் காலி செய்யும்போது ஒரு வயர்ச் சுருள் என் தோளில் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்தது. கறுப்பு ரப்பர் வயர். ஒரு முனையில் பிளக், மறு முனையில் மரப் பெட்டியில் பொருத்திய இரண்டு சாக்கெட். வெயிலில் காய்ந்த ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை. மூன்று இடத்தில் வெள்ளை நூலால் கட்டியிருந்தது. முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, உங்கள் கை. நான் போட்ட முடிச்சைக் கத்தரியால் வெட்டத்தான் முடியும். உங்கள் முடிச்சு ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும். நான் இழுக்கவில்லை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

செகந்திராபாத் மாரெட்பள்ளி வீட்டைக் காலி செய்கிறோம் சார். போலாரம் பக்கம் ஒரு ஃபிளாட். மகன் வாங்கியது. லிஃப்ட் உண்டு, ஜெனரேட்டர் உண்டு. கரென்ட் போனால் பத்து எண்ணுவதற்குள் வந்துவிடுமாம். நம் காலத்தில் பத்து எண்ணிவிட்டு விசிறியைத் தேடுவோம்.

நம் இரண்டு வீடும் ஒரே சுவரை ஒட்டி இருந்தாலும் கம்பத்திலிருந்து உங்களுக்கு வந்தது ஒரு ஃபேஸ், எனக்கு வந்தது வேறு ஃபேஸ். கோடையில் ஒன்று செத்தால் மற்றது உயிரோடு இருக்கும். லைன்மேன் வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்து, "ஒக்க ஃபேஸ் போயிந்தி சார், ரேப்பு சூஸ்தாம்" என்று சைக்கிளில் ஏறிவிடுவார். ஒரு ஃபேஸ் போச்சாம், நாளைக்குப் பார்ப்பாராம். அவருடைய நாளைக்கு எப்போது விடியும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கரென்ட் இருக்கிற வீட்டிலிருந்து இல்லாத வீட்டுக்கு இந்த வயர் சுவர் தாண்டிப் போகும். சில நாள் என்னிடமிருந்து உங்களுக்கு, சில நாள் உங்களிடமிருந்து எனக்கு. ஏழு கோடைக்காலம் அப்படிப் போனது.

பொதுத்துறைத் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பேகம்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் நீங்கள் சேர்ந்தபோது, அங்கே உங்களுக்கு என்ன வேலை என்று எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. தென்னமெரிக்காவில் ஒரு நாடு பக்கத்து நாட்டுக்குக் கொடுக்கிற எரிவாயு, மின்சாரம், அதற்கான ஒப்பந்தம், சண்டை, சமாதானம் எல்லாவற்றையும் அந்த ஊர்ப் பத்திரிகைகளில் படித்து, ஒரு பக்கமாகச் சுருக்கி, அமெரிக்காவில் யாரோ ஒருவருக்கு அனுப்ப வேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமை அபிட்ஸ் நடைபாதையில் பழைய ஸ்பானிஷ் அகராதி வாங்கி வந்து, ஐம்பத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டிப் படித்தீர்கள். நான் திருமுல்கேரி ராணுவக் கிடங்கில் கம்பளி எண்ணுகிற ஸ்டோர்கீப்பர். படித்தது பத்தாவது. அதையே இரண்டு வருடம் படித்ததால் பதினொன்று என்று சொல்லிக்கொள்வேன்.

இரவு வேலை முடிந்து காலையில் ஆபீஸ் வேன் உங்களை இறக்கிவிட்டுப் போகும். காபி டம்ளரோடு சுவரோரம் வந்து நிற்பீர்கள். நான் இந்தப் பக்கம் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்து முகம் மழித்துக்கொண்டிருப்பேன்.

"இன்னா சார், இன்னிக்கு உங்க பொலிவியா எப்படி கீது?"

"அர்ஜென்டினாவுக்குக் கேஸ் குடுக்கச் சம்மதிச்சிருச்சுங்க. ஆனா ஒரு கண்டிஷன். அதுல ஒரு துளிகூட சிலிக்குப் போகக் கூடாதாம்."

"ஏன், சிலி இன்னா பண்ணுச்சு?"

"நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு சண்டைங்க. பொலிவியாவோட கடற்கரையைச் சிலி எடுத்துக்கிச்சு. இன்னும் மறக்கலை."

"எங்க பெரியப்பா மாதிரி. பந்தியில அப்பளம் வெக்கலன்னு முப்பது வருஷம் பேசல."

"அதேதானுங்க!" என்று சுவரைத் தட்டிச் சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். ஆனால் நீங்கள் உள்ளே போன பிறகும் நான் சிரித்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது. காலனியில் உங்களுக்குத் 'தூதர்' என்று பெயர் வைத்தவன் நான்தான். பால் பூத்தில் நின்று உங்கள் மாதிரியே "பராகுவே ஒத்துக்கிச்சுங்க" என்று பேசிக்காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

பராகுவே கதையைச் சொன்ன நாளில்தான் நாம் ஒப்பந்தம் போட்டோம். பரணா என்று ஒரு ஆறு, ஒரு கரை பிரேசில், மறு கரை பராகுவே, நடுவில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அணை என்றீர்கள். "ரெண்டு ஊர்க் கரென்டும் ஒரே வேகத்துல ஓடாதுங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. அதுக்காக ஆளுக்கு ஒரு அணையா கட்டினாங்க? ஒரே அணையில பாதி மெஷின் இவனுக்கு, பாதி மெஷின் அவனுக்கு. நீங்க ஒரு ஃபேஸ், நான் ஒரு ஃபேஸ். அந்த மாதிரிங்க."

"அப்போ நம்மளும் எழுதிக்கலாம் சார்" என்று நான் கிண்டலுக்குச் சொன்னேன். நீங்கள் உடனே காலண்டர் தாளைக் கிழித்து வந்துவிட்டீர்கள். அரை மணி நேரம் சுவரில் வைத்துப் பேச்சுவார்த்தை நடந்தது. என் மனைவி கிரைண்டருக்காகப் போராடித் தோற்றாள். ஒன்று, ஒரு ஃபேன் ஒரு லைட் மட்டும். இரண்டு, கிரைண்டரும் இஸ்திரிப் பெட்டியும் கூடாது. மூன்று, கேட்காமல் பிடுங்கக் கூடாது. நான் பெரிதாகச் சுழித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கோடையில்தான் அர்ஜென்டினா சிலிக்குப் போகிற எரிவாயுவைக் குறைத்த செய்தியைக் கொண்டு வந்தீர்கள். அன்று காபி ஆறிப்போகிற வரை பேசினீர்கள்.

"அவனுக்கே பத்தலைங்க, அங்க குளிர்காலம் வருது. தன் வீட்டைப் பட்டினி போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் குடுன்னு நானும் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் குழாயை நம்பித்தானே சிலிக்காரன் அடுப்பு பத்த வெச்சான்? கூப்பிட்டு உக்கார வெச்சு, இவ்வளவுதான் முடியும், என்ன பண்ணலாம்னு கேட்டிருக்கலாமில்லீங்க? தன் பக்கம் ஒரு உத்தரவைப் போட்டு வால்வைத் திருகிட்டானே."

"மோசம் சார். ரொம்ப மோசம்" என்றேன், முகத்தில் சோப்பு நுரையோடு. அர்ஜென்டினாவை அவ்வளவு கடுமையாகக் கண்டித்தவன் மாரெட்பள்ளியில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான்.

சரியாக இரண்டு வாரம் கழித்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள்.

முன்னால் இரண்டு வரன் தட்டிப் போயிருந்தது. வீடு சின்னது, வெக்கை தாங்கவில்லை என்று ஒரு வீட்டார் தரகரிடம் சொன்னார்களாம். இந்த வரன் தாம்பரம் குடும்பம், பையன் மாதப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. மகளுக்கும் பிடித்திருந்தது, அதை வாய்விட்டுச் சொல்லியும் இருந்தாள். அதற்காகவே மகன் புதிதாக ஏசி வாங்கி மாட்டினான். வெளிப்பெட்டியை வைக்க உங்கள் ஜன்னலுக்கு எதிரே உள்ள சுவரைத் தவிர வேறு இடமில்லை. கேட்டபோது, "வைங்க சார். நானும் பாதி ஏசிக்காரன்னு சொல்லிக்கறேன்" என்றீர்கள்.

அன்றைக்கு உங்கள் ஃபேஸ் போய் இரண்டாம் நாள். வயர் என் வீட்டிலிருந்து உங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், கட்டுப் போட்ட கண்ணோடு அந்த ஒரு ஃபேனுக்குக் கீழேதான் படுத்திருந்தார். இரவு வேலை முடித்து வந்த நீங்கள் பக்கத்தில் பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எல்லாம் எனக்குத் தெரியும் சார். காலையில் இட்லி கொண்டு வந்து கொடுத்தவனே நான்தான்.

முந்தின நாள் ஏசி போட்டுப் பார்த்தபோது ஒரு தடவை ஃப்யூஸ் எரிந்திருந்தது. அந்தப் பயம் எனக்கு. ஒரு ஃபேனும் ஒரு லைட்டும் பெரிய லோடு இல்லை என்று தெரிந்தும், பெண் பார்க்கிற நேரத்தில் ஏசி நின்றால் என்ன ஆகும் என்ற நினைப்பு விடவில்லை. பிளக்கில் கை வைத்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பிடுங்குங்க" என்றாள் மனைவி.

"சொன்னா எழுந்து வருவாரு. வந்தா அர்ஜென்டினாவை ஆரம்பிப்பாரு. அதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாசல்ல வந்து நிப்பாங்க. நக்கோ, வேணாம்" என்று பிடுங்கிவிட்டேன்.

அவர்கள் வந்து ஏசி அறையில் உட்கார்ந்ததும் நான் கேசரித் தட்டை எடுக்கக் கொல்லைப்புறம் வந்தேன். சுவருக்கு மேலே உங்கள் தலை தெரிந்தது. தூக்கம் கலைந்த முகம், பனியன் முழுக்க வேர்வை.

"சார், உங்க பக்கமும் போயிருச்சுங்களா?"

நான் ஜரிகை வேட்டியோடு நின்றுகொண்டு, "ஹவ் சார், ஆமா, எங்க பக்கமும் போயிடுச்சு" என்றேன்.

எனக்கும் உங்களுக்கும் நடுவில் அந்த ஏசிப் பெட்டி 'உம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த சூடான காற்று உங்கள் ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் பெட்டியை ஒரு தரம் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

"அப்படீங்களா. சரிங்க" என்றீர்கள். தலை கீழே போய்விட்டது.

அன்று அவர்கள் வீட்டிலும் சரி என்றார்கள். உங்கள் சரியும் அவர்கள் சரியும் ஒரே நாளில் வந்ததால் எனக்குக் கேசரி இறங்கவில்லை. சாயங்காலம் பிளக்கைத் திரும்பச் செருகினேன். "வந்துடுச்சு சார்" என்று கத்தினேன். "சந்தோஷங்க" என்று பதில் மட்டும் வந்தது.

பத்தே நாளில் நீங்கள் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டீர்கள். வயரைச் சுருட்டி, நூல் கட்டி, சுவரில் வைத்து, "இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க சார். இனிமே தேவைப்படாது" என்றீர்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது உளறி, அழுது, முடித்திருப்பேன். நீங்கள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. சுவரோரச் செய்தி நின்றது. குட்மார்னிங் மட்டும் மிஞ்சியது. ஒருநாள் தாங்காமல் நானே கேட்டேன்: "சிலி இன்னா ஆச்சு சார்?" பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "கப்பல்ல வாங்கிக்கலாம்னு பேசிக்கறாங்க சார். தூரம்தான். ஆனா யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்ல பாருங்க." சிலியைத்தான் சொன்னீர்கள். நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மழித்தேன். அன்று இரண்டு இடத்தில் வெட்டு.

உங்கள் மகள் வீட்டோடு இருக்க நீங்கள் கோயம்புத்தூருக்குக் கிளம்பியபோது செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் புளியோதரைப் பொட்டலத்தோடு வந்தேன். மன்னிப்பு வாய் வரை வந்தது சார். "உங்க மகளைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றீர்கள். அதோடு வண்டி நகர்ந்துவிட்டது. மூன்று வருடம் கழித்து அக்கா போன் செய்து நீங்கள் போய்விட்டதைச் சொன்னபோது, முழங்கால் வலி என்று சொல்லி நான் வரவில்லை. முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

நேற்று சம்பந்தி வந்திருந்தார், சாமான் கட்டுவதற்கு உதவியாக. தரையில் கிடந்த வயரைப் பார்த்து என்ன என்றார். பால் பூத்தில் சொல்வது மாதிரி வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுத் தூதர், பராகுவே, காலண்டர் ஒப்பந்தம். அவர் சிரிக்கவில்லை.

"பனியனோட வாசல்ல நின்னு, கண்ணுல கட்டுப் போட்ட அம்மாவுக்குப் பேப்பரால விசிறிக்கிட்டிருந்தாரே, அவரா?"

"எப்போ பார்த்தீங்க?"

"பொண்ணு பார்க்க வந்த அன்னைக்குத்தான். செருப்பு மாட்டும்போது நான் நைசா அவர்கிட்டப் போய், பொண்ணு வீட்டுக்காரங்க எப்படி சார்னு விசாரிச்சேன். தட்டிப்போன வரன் இருக்குன்னு என் வீட்டுக்காரிக்கு ஒரு யோசனை. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'யோசிக்காமப் பண்ணுங்க. ஏழு வருஷமா எங்க வீட்டுக்குக் கரென்ட் குடுத்தவங்க'ன்னாரு. அதுக்கு மேல நான் யாரையும் விசாரிக்கல."

"கேலியாச் சொன்னாரா?"

"கேலியா? விசிறிக்கிட்டே சொன்னாரு."

கேலியாகச் சொல்லியிருக்கக் கூடாதா சார்? பிளக்கைப் பிடுங்கின கையின் சூடுகூட அப்போது ஆறியிருக்காது. எங்கள் பக்கமும் கரென்ட் இல்லை என்று நான் பொய் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பிடுங்கின அந்த ஒரு நாளை விட்டுவிட்டு, கொடுத்த ஏழு வருடத்தை எடுத்துச் சம்பந்தி கையில் வைத்திருக்கிறீர்கள். என் மகள் சந்தோஷமாக இருக்கிறாள். அந்த வீட்டில் இருக்கிற வெளிச்சம் உங்கள் பக்கத்திலிருந்து வந்தது என்று அவளுக்கு இன்னும் நான் சொல்லவில்லை. இந்த வாரம் சொல்லிவிடுவேன். வேடிக்கையாக அல்ல.

ஒரு பழக்கம் மட்டும் அந்த நாளிலிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்டது. எந்த ஸ்விட்சைத் தொட்டாலும் கேட்டுவிட்டுத்தான் தொடுவேன். மகன் கேலி செய்வான், "ஃபேன் பந்த் கர்னே கைக்கு பூச்னா டாடி?" என்று. ஃபேனை நிறுத்த எதுக்குக் கேக்கணுமாம். காரணம் சொன்னதில்லை.

இன்று காலை சாமான் எல்லாம் லாரியில் ஏறிவிட்டது. காலி அறையில் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்விட்ச் பக்கம் போனேன். உங்கள் வீட்டுச் சுவர் தெரிகிற ஜன்னல் திறந்திருந்தது.

"அணைக்கட்டுமா?" என்றேன்.

"யாரைக் கேக்கறீங்க? அங்க யாரும் இல்ல" என்றாள் மனைவி வாசலிலிருந்து.

ஃபேனை அணைக்காமல், அந்த ஜன்னல் பக்கம் திரும்பி இன்னொரு தரம் கேட்டேன் சார்.