உன்னுடைய 'நொட் டூ பாட்'

மச்சான்,

இன்று காலை சிட்னியில் பரமட்டாவுக்குக் கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு நீல அங்கி தந்தார்கள். சட்டை போடுவதுபோல முன்பக்கம் திறப்பாகப் போட்டுக்கொண்டு திரையை விலக்கி வெளியே வந்துவிட்டேன். தாதி ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கையால் என்னை உள்ளே தள்ளினாள். அறுபத்திரண்டு வயதில் வார்ட்டுக்கே தரிசனம் கொடுத்தேன்.

கட்டிலில் ஏறியதும் நெஞ்சு நோ எப்படி என்று கேட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை என்பதற்கு என் வாயிலிருந்து வந்தது உன் பேச்சு: "நொட் டூ பாட்."

நீ லண்டனில் பதினைந்து வருடம் பெற்றோல் ஸ்டேஷனில் வேலைக்கு நின்றுவிட்டுச் சிட்னிக்கு வந்தவன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வேர்ஹவுஸில் இருவரும் பெட்டி அடுக்கிய காலத்தில் உன்னிடம் பொறுக்கியதுதான் என் இங்கிலீஷ். ஒருநாள் உன் காலில் பெட்டி விழுந்து பெருவிரல் நகம் கழன்றது. அப்போதும் "நொட் டூ பாட்" என்றாய்.

"உண்மையா எப்பிடியடா?"

"உயிர் போகுது மச்சான். லண்டன்காரன் அதை இப்பிடித்தான் சொல்லுவான்."

பிறகு என் மகன் அமெரிக்காவிலிருந்து எமிலியைக் கட்டிக்கொண்டு வந்தான். அவள் முதன்முதலாக வைத்த சொதியை வாயில் விட்டுவிட்டு நீ "குவைட் குட்" என்றாய். லண்டனில் அதற்கு 'ஏதோ பரவாயில்லை' என்று பொருள். அவளுடைய ஊரில் 'மிகவும் நன்று'. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் உனக்கென்று ஒரு சட்டி சொதி. "என்ர வாயால கெட்டன்" என்று குசினிக் கதிரையில் இருந்து முனகுவாய். ஆனாலும் ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

தவறிய ஒரே ஞாயிறன்று மத்தியானம் உன் போன் வந்தது. எமிலிதான் எடுத்தாள். 'மாமா' என்ற சொல்லைத் தவிர அவளுக்கு எல்லாம் இங்கிலீஷ்தான்; தமிழில் எழுதுவது நான்.

"மாமா, அங்கிளுக்கு 'எ பிட் பூர்லி'யாம். அவசரமில்லையாம்."

கொஞ்சம் சுகமில்லை என்ற அந்தப் பேச்சு அவளுடைய காதுக்குத் தடிமன் காய்ச்சல் அளவுதான். சாப்பிட்டுவிட்டுப் போனோம். நீ தனியே இருந்த அந்த வீட்டில், போனைக் கையில் வைத்தபடி கதிரையிலேயே போயிருந்தாய்.

இன்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவளும் எமிலிதான். என் பதிலைக் கேட்டவுடன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"மாமா, இது அங்கிள் சொல்லுற 'நொட் டூ பாட்'டா, நான் சொல்லுற 'நொட் டூ பாட்'டா?"

"அங்கிளின்ர," என்றேன். அவள் அதைத் தாதிக்கு விளங்கப்படுத்தினாள். தாதி ஓடினாள்.

நாளைக்கு இரத்தக் குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்ப்பார்களாம். டொக்டர் 'குவைட் சிம்பிள்' என்றார். அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

போகுமுன் எமிலி கண்ணைத் துடைத்தாள். "அண்டைக்கும் நான் இப்பிடிக் கேட்டிருந்தா அங்கிள் இருந்திருப்பார், மாமா." ஒன்றரை வருடமாக இதையேதான் சொல்கிறாள்.

நான் போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். நாக்கு நுனி வரை வந்து நின்றது இது:

"நீ சொன்ன உடன எனக்கு விளங்கினது, பிள்ளை. வந்து பாக்கப் பயந்துதான் சோத்தைக் குழைச்சுக்கொண்டு இருந்தனான்."