மூன்று பேர் ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள வாயாடிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம், அங்கே நீ நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இந்த முறை அதை மட்டும் கேட்கப் போவதில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முந்திரிக்கொட்டை மாதிரி கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி.

இதை உன் வீட்டுக்கு அனுப்பாமல், நீ பாடம் எடுக்கும் பள்ளி முகவரிக்கு அனுப்புகிறேன். போனில் உன்னோடு பேச முடியவில்லை. எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாய். நடுவில் மாப்பிள்ளை இருமுகிறார். அந்த இருமலுக்குப் பிறகு உன் பேச்சு இரண்டு வார்த்தையில் முடிந்துவிடுகிறது. மூச்சு விடாமல் பேசி எங்கள் காதை ஓட்டை போட்டவள் நீ. படித்து முடித்ததும் இதை வீட்டுக்குக் கொண்டு போகாதே. பள்ளி மேஜையிலேயே வைத்துப் பூட்டிவிடு.

முதலில் இங்குள்ள சேதி. நம் சலவை வேன் பாலத்தின் மேல் கொதித்து நின்றுவிட்டது. அப்பாவின் வலது கை வெந்துவிட்டது. பதறாதே, முழங்கைக்குக் கீழேதான். முகம் தப்பியது தெய்வாதீனம். கட்டுப் போட்டிருக்கிறது, ஆறி வருகிறது.

அன்றைக்கு அம்மா பெரியம்மா வீட்டில். எனக்கு இஸ்திரி மிஷினோடு மல்லுக்கட்டு. சாயங்காலம் எனக்குப் பதில் அப்பா தனியாகப் போய், விடுதிகளிலிருந்து அழுக்கு விரிப்புகளை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். சூடு காட்டும் முள் சிவப்பில் போய் முட்டியிருக்கிறது. நிறுத்தியவர் ஆற விடாமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர் செய்கிற வேலையா இது? நான் கத்தியதும், "காலையிலதாம்மா தண்ணி ஊத்தினேன், அது எங்க போயிருக்கும்னுதான் பார்த்தேன்" என்றார். தினமும் காலையில் அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு நம் 'நாளைக்கு' மெக்கானிக்கிடம் போனோம். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்று சொல்கிற மனிதர், அப்பாவின் கையைப் பார்த்துவிட்டு உடனே வேலையைத் தொடங்கினார். ரேடியேட்டரில் மிச்சமிருந்ததைத் தட்டில் வடித்தார். பச்சையும் மஞ்சளும் செங்கல் நிறமுமாகக் குழம்பி வந்தது. தலையைச் சொறிந்துகொண்டு, "இது இன்ஜினா, குழம்புச் சட்டியா? யாரு இதுல சமைச்சது?" என்று எங்களைப் பார்த்தார்.

பச்சை என்னுடையது. சாயங்காலம் வேனை எடுக்கும்போது ரேடியேட்டரோடு சேர்ந்த டப்பாவில் அளவு குறைந்திருந்தால், இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் ஊற்றிவிடுவேன். செங்கல் நிறத் துரு அப்பாவின் குழாய்த் தண்ணீர். மஞ்சள் யாருடையது என்று நானும் அப்பாவும் விழித்தோம். மறுநாள் ஊரிலிருந்து வந்த அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டு ஒப்புக்கொண்டாள். மஞ்சள் தூள் கரைத்து ஊற்றினால் ஓட்டை அடைபடும் என்று யாரோ சொன்னார்களாம். மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயரும்போது செய்திருக்கிறாள்.

ஆளுக்கொரு காரணம். தெரிந்தால் நான் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்வேன் என்று அப்பாவுக்குப் பயம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். இரண்டு பேரும் கவலையில் படுத்துவிடுவார்கள் என்று எனக்கு. தினமும் ஒரு டம்ளர் ஒழுகுகிறது, பெரிய விஷயமில்லை என்று மூன்று பேரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தோம். தரையில் ஒரு சொட்டு விழவில்லை. இன்ஜினுக்குப் பின்னால் ஒரு இரும்புக் குழாய் அரித்துப்போய், அதிலிருந்து வழிந்தது சூட்டிலேயே ஆவியாகிப் போயிருக்கிறது. நாங்கள் இரண்டு பேர் ஊற்றாத அன்றைக்கு வண்டி காட்டிக்கொடுத்துவிட்டது.

இனி உன்னைப் பற்றியது. நிதானமாகப் படி.

அம்மா வந்த அன்று சாயங்காலம் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். அம்மா திடீரென்று கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "சின்னவ கதவிடுக்குல விரலை நசுக்கிக்கிட்டாளாம், அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்னா, நான் தைலம் மட்டும் அனுப்பினேன்" என்றாள். அப்பா மடிப்பதை நிறுத்திவிட்டார். "எங்கிட்ட குளியலறையில வழுக்கி விழுந்து கன்னம் வீங்கிடுச்சுன்னா, அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினா" என்றார். நான் என் பங்கைச் சொன்னேன். உன் சான்றிதழ்களின் நகலை நீ பள்ளிக்கு அனுப்பச் சொன்னதையும், ஏன் என்று கேட்காமல் நான் அனுப்பியதையும்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அம்மா அழுதாள். அப்பா எழுந்து போய், கட்டுப் போட்ட கையோடு வேன் வழக்கமாக நிற்கிற வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உன் மேல்தான் முதலில் கோபம் வந்தது. அப்புறம் எங்கள் மூன்று பேர் மேலும் வந்தது. மாப்பிள்ளை மேல் வந்ததை இங்கே எழுத மாட்டேன், காகிதம் தாங்காது.

மறுநாளே குழாய்க்கு அலைந்தேன். பாகங்கள் விற்கிற கடையில், "இந்த வண்டி செய்யறதையே நிறுத்திட்டாங்க, குழாய்க்கு எங்க போறது?" என்றார்கள். பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் நம் வேனைப் போலவே ஒன்று கிடந்தது. ஆசையோடு படுத்துப் பார்த்தால் அதன் குழாய் நம்முடையதைவிட மோசம், தொட்டதும் உதிர்ந்தது. ஓட்டையை அடைக்கும் பொடி ஒன்றைக் கடைக்காரர் நீட்டினார். அப்பாவுக்குச் சபலம். ரேடியேட்டரும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், மலை ஏறும்போது இன்ஜினே போய்விடும் என்றார் மெக்கானிக். அவரிடம் உன் ஊருக்கு மலை ஏறப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தேன், எதற்கு என்று சொல்லவில்லை.

கடைசியில் மாடிப்படிக்குக் கைப்பிடி செய்கிற வெல்டிங்காரரிடம் பழைய குழாயைக் கொண்டுபோய்க் காட்டினோம். எவர்சில்வர் குழாயை அதே வளைவுக்கு வளைத்தார். ரப்பர் ஹோஸ் நழுவாமலிருக்க இரண்டு முனையிலும் வளையம் மாதிரி வெல்டிங் வைத்து அரத்தால் ராவினார். ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கினோம். முட்டை முட்டையாகக் குமிழி வந்தது. என்னை அறியாமல் அவர்மேல் எரிந்து விழுந்தேன். "பொறுங்கம்மா, இன்னொரு சுத்து வைக்கிறேன்" என்றார். திரும்ப வைத்தார், திரும்ப முக்கினோம். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை.

நேற்று அந்தக் குழாயைப் பொருத்திய வேனில், பாரத்துக்கு ஈர விரிப்புகளை ஏற்றிக்கொண்டு, ஊருக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டில் விடாமல் ஏறி இறங்கினேன். முள் நடுவிலேயே நின்றது. டப்பாவில் இட்ட கோட்டிலிருந்து ஒரு இம்மி இறங்கவில்லை. இப்போது கூலன்ட் ஊற்றுவது நான் ஒருத்திதான்.

வருகிற சனிக்கிழமை உனக்கு அரை நாள் பள்ளி. மணி அடிக்கும்போது பின்வாசலில் வேனோடு நிற்பேன். அம்மாவும் என்னோடு வருகிறாள். பஸ்ஸில் வரலாம்தான். ஆனால் அந்த மலைப்பாதையில் திரும்புகிற பஸ் இருட்டிய பிறகுதான். அதுவரை உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன் ஊர்ப் பஸ் நிலையத்தில் உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை. வாடகைக் கார் என்றால் மூன்றாம் மனிதர் முன்னால் நீ வாய்விட்டு அழக்கூட மாட்டாய். சலவை வேனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வீட்டிலிருந்து எதையும் எடுத்து வராதே. துணி, நகை, பாத்திரம் ஒன்றும் வேண்டாம். வழக்கம்போலப் பள்ளிக்குக் கிளம்பு. யாரிடமும் விடைபெறாதே. அப்புறம் என்ன செய்வது, யாரிடம் பேசுவது என்பதை நம் வீட்டில் உட்கார்ந்து நாலு பேருமாக யோசிக்கலாம்.

வர மனமில்லை என்றால் அதையும் வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல். திட்ட மாட்டேன், இழுத்துப் போட்டுக்கொண்டு வரவும் மாட்டேன். ஆனால் 'நல்லா இருக்கேன்' என்று மட்டும் சொல்லாதே. உன்னை நலமா என்று நான் கேட்காததற்கு அதுதான் காரணம். அந்த இரண்டு வார்த்தையை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லையடி.

நீ பத்திரமாக இருக்க வேண்டும். சனிக்கிழமை வரை யாரோடும் வாய் கொடுக்காதே.

உன் வரவை எதிர்பார்த்து,
அக்கா.

அப்பா தானும் எழுதுவேன் என்று பேனாவைப் பிடுங்குகிறார். இடது கையால் எழுதுகிறார், எழுத்து கோணலாக இருக்கும், சிரிக்காதே.

அம்மாடி, உன் ரூம்ல அடுக்கி வச்சிருந்த விடுதித் துணியெல்லாம் வெளிய எடுத்தாச்சு. ஜன்னலையும் திறந்து வச்சிருக்கேன். வந்துடு.