நான்காம் பிரஸ் நின்ற நாற்பது நிமிடம்

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். சிதம்பரத்தில் ஏறிய பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை. சிப்காட்டில் இறங்கும்போது வலது தோள் முழுக்க ஈரம்.

இன்றைக்கு:
1. வியாழன் வரும் கார் கம்பெனி ஆட்களுக்கு அறிக்கை
2. குடை வாங்க
3. மச்சானுக்கு டைல்ஸ் பற்றிப் பதில்

மூன்றாவதை முதலில் செய்தேன். அறையின் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு போன். புது வீட்டுச் சமையலறைக்கு வெள்ளையா, சாம்பலா. வெளியே நான்காம் பிரஸ் நின்றுவிட்டது. காரின் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் அடிக்கும் பிரஸ். அச்சின் சூடு கூடினால் நின்றுவிடும்; குறைக்க என் அனுமதி வேண்டும். நானே போட்ட விதி. அதை ஓட்டும் ஜெயந்தி இரண்டு முறை கதவைத் தட்டினாள். 'இரு' என்று கையைக் காட்டினேன். நாற்பது நிமிடம்.

பிரஸ் நின்றால் ஏன் என்று திரையில் அவர்களே அழுத்த வேண்டும். புது ஏற்பாடு. அவள் அழுத்தியது: 'மேலாளர் அனுமதிக்குக் காத்திருப்பு.' உள்ளதைத்தான் அழுத்தினாள்.

போன மாதம் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னவனும் நான்தான்: "உண்மையப் போடுங்க. யாரையும் திட்ட மாட்டோம். தப்பு எங்கன்னு தெரிஞ்சாதான சரி பண்ண முடியும்?" கை தட்டினார்கள்.

நவ. 12, புதன்

மழை விட்டது. விருந்தாளிகளுக்கு இனிப்பு, காரம் சொல்லியாயிற்று. குடை இன்னும் வாங்கவில்லை.

சாயங்காலம் அறிக்கையைப் பார்த்தேன். இந்த வாரத்தின் பெரிய நிறுத்தம் என்னால். என் பாஸ்வேர்டு போட்டால் காரணத்தை மாற்றலாம். மாற்றினேன். 'ஆள் இடத்தில் இல்லை.' ஐந்து விநாடி வேலை. அதையும் எழுதி வைக்கிறேன்.

நவ. 14, வெள்ளி

நேற்று எல்லாம் நல்லபடியாக முடிந்தது. திரைகளைப் பார்த்துப் பாராட்டினார்கள்.

இன்று முதலாளி கூப்பிட்டார். லைன் லீடர் யார் என்று முடிவு செய்ய. ஜெயந்தி பேரை முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். ஆறு வருடமாக வேலை. குமராட்சியிலிருந்து மினி பஸ், அப்புறம் பெரிய பஸ். ஒரு நாள் லேட் கிடையாது.

அறிக்கையில் விரலை வைத்தார். "என்னய்யா, இந்தப் பொண்ணு நாப்பது நிமிஷம் எடத்துலயே இல்லியாமே? இதப் போயி லீடர் போடச் சொல்ற?"

வாயைத் திறக்க நேரம் இருந்தது. "கேக்குறேன் சார்" என்றேன். வேறு ஒருவர் பேரை எழுதப் பேனா தேடினார். என் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

அறைக்கு வந்தால் எதிர்ச் சுவரில் நிர்வாகத் திறன் பயிற்சிச் சான்றிதழ். சென்னையில் இரண்டு நாள். புது மெஷின் வைக்கும் முன் ஆட்களின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்று ஒரு மணி நேரம் பாடம். அதற்கு ஃப்ரேம் வேறு. வெட்கக்கேடு.

நவ. 16, ஞாயிறு

வீடு. நல்ல வெயில். வஞ்சிரம் வாங்கினேன். மச்சான் டைல்ஸ் சாம்பிளோடு வந்தான். "சாம்பல் கலர்னா கறை தெரியாது மாமா." எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான்.

அவன் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமாங்க?"

"தெரியாது."

"அப்ப நீங்களே போயி சொல்லிடுங்க. வேற யாராவது சொல்லித் தெரிஞ்சா, அந்தப் பொண்ணு மூஞ்சில எப்பிடி முழிப்பீங்க?"

நவ. 17, திங்கள்

முதலில் முதலாளி. சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். "ரிப்போர்ட் அவுங்க கிட்ட போயிடுச்சுய்யா. இப்ப மாத்துனா கம்பெனி மானமே போயிடும். உட்டுடு. அந்தப் பொண்ண அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிறகு கீழே, காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிரஸ் நின்றது என்னால். ஜெயந்தி இடத்தை விட்டு நகரவில்லை. காரணத்தை மாற்றியது நான். அவளுக்கு லீடர் பதவி போனது அதனால்தான். யாரும் திடுக்கிடவில்லை. ஒருவர் கையுறையை மாட்டிக்கொண்டே இருந்தார்.

"தெரியும் சார்" என்றாள் ஜெயந்தி.

நான்காம் பிரஸ்ஸுக்குக் கூட்டிப்போய்த் திரையில் அந்த வரியைத் தொட்டாள். கீழே பொடி எழுத்தில்: திருத்தியவர், என் பெயர், புதன், 5.42. யார் மாற்றினாலும் பதியுமாம். திரையைப் பற்றிய பயிற்சியில் சொல்லியிருப்பார்கள், நான் தலையாட்டியிருப்பேன். வியாழன் காலையிலேயே பிரஸ் ஓட்டும் ஒன்பது பேரும் பார்த்துவிட்டார்கள். வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாளும் எனக்கு வணக்கம் சொன்னார்கள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"யார் கிட்ட சார் சொல்றது? எங்களுக்கு எதுன்னாலும் உங்க கிட்டதான சொல்லணும்."