பூமிக்கு மூன்று நாள் விடுப்பு

சண்டை போட ஆளில்லாமல் போன நாத்தனாரிடமிருந்து, என் மதினிக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அண்ணனிடம் கேட்டால் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவான்.

முதலில் சேதி. நான் டியூஷன் எடுக்கிறேன், மதினி. சிரிக்காதீர்கள். இங்கே கோவில்பட்டி மில்லுக்கு வேலைக்கு வந்திருக்கிற ஒடிசாக்காரர்களின் பிள்ளைகள் எட்டுப் பேருக்குச் சாயங்காலம் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். "ஒனக்கா பொறுமை? வெளங்கும்" என்பீர்கள். பொறுமை இல்லைதான். ஆனால் அதுகள் கேட்கிற கேள்வி இருக்கிறதே! செத்த வீட்டில் ஏன் வேட்டு போடுகிறீர்கள், தலையில் ஏன் இவ்வளவு பூ என்று துளைத்தெடுக்கும். நானும் விடுவதில்லை, அவர்கள் ஊர்க் கதையைப் பதிலுக்குப் பிடுங்கிவிடுவேன்.

அதில் சஸ்மிதா கெட்டிக்காரி, பதின்மூன்று வயது. பத்து நாளில் தமிழ்ப் பரீட்சையை வைத்துக்கொண்டு நேற்றும் இன்றும் ஆளைக் காணோம். கோபத்தோடு மில் குடியிருப்புக்கே போனேன். வேப்பமரத்தில் கயிறு கட்டி ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தாள். புதுப் பாவாடை, காலில் சிவப்புச் சாயம், வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்பு.

"ஏட்டி, பரீட்சைய வச்சிக்கிட்டு இங்கன ஊஞ்சலா ஆடுத?" என்று கத்தினேன்.

அவள் பயப்படவே இல்லை. "எங்க ஊர்த் திருவிழா டீச்சர், இப்பொ பூமிக்கு மாசவிலக்கு. மூணு நாள் லீவு. மண்ண வெட்டக் கூடாது, உழக் கூடாது. பொம்பளப் பிள்ளைங்களும் வேல செய்யக் கூடாது. ஆடணும், திங்கணும்."

அவள் அம்மா தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்து வைத்தாள். அரிசிமாவும் வெல்லமும் தேங்காயும் சேர்த்து, அடி கருகச் சுட்டது. நன்றாகத்தான் இருந்தது. ஒடிசா பூமிக்கு வந்தால் நம் கரிசலுக்கும் வருமா என்று கேட்டேன். மகள் அம்மாவிடம் கேட்டுச் சொன்னாள்: "பூமி ஒண்ணுதான டீச்சர்."

"அப்பொ ஒங்க அம்மைக்கு மாசா மாசம்?" என்றேன். அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஊரில் இருந்தவரை அடுப்பைத் தொட விடமாட்டார்களாம், சாமியைத் தொட விடமாட்டார்களாம். பூமிக்கு ஊஞ்சல், பொம்பளைக்கு மூலை. இது என்ன கணக்கு மதினி?

பிறகு அந்த அம்மா மகள் மூலமாகத் திருப்பிக் கேட்டாள்: "உங்க வீட்ல எப்படி?"

"எங்க வீட்ல அதெல்லாம் கெடையாது" என்றேன்.

பச்சைப் பொய். அந்த நேரத்தில் என் மருமகள் கனி பின்கட்டு அறையில் பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு இரண்டாம் நாள். அம்மா உங்களுக்குச் செய்ததை நான் அப்படியே அவளுக்குச் செய்துகொண்டிருக்கிறேன். தெரிந்துதான் செய்கிறேன்.

அம்மா உங்களை, விறகுக்குப் பருத்திமார் அடுக்கியிருக்கிற கொட்டகையில் உட்கார வைப்பாள். சோற்றுத் தட்டு கொண்டுவருவது என் வேலை. தொட்டால் தீட்டு என்று தரையில் வைத்துக் காலால் தள்ளுவேன். எனக்குப் பன்னிரண்டு வயது, அது விளையாட்டு. நீங்கள் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. பிறகு முப்பது வருஷம் எனக்குத் தலை பின்னிவிட்டீர்கள், என் பிள்ளைப்பேறு பார்த்தீர்கள். அந்தத் தட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதுதான் கேட்க வேண்டியது. அந்த மூன்று நாளும் உள்ளே உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருப்பீர்கள்? என்மேல் கோபம் இருந்ததா? எட்டுப் பிள்ளைகளிடம் ஊர்க் கதை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ஒரே வீட்டில் இருந்த உங்களிடம் இதைக் கேட்கத் தோன்றவில்லையே. மன்னித்துக்கொள்ளுங்கள் மதினி.

சஸ்மிதாவின் அம்மாவிடம் நாளைக்குப் போய், சொன்னது பொய் என்று சொல்லிவிடுவேன். அவமானம்தான், படட்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இதை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோய்க் கனியின் பாயைச் சுருட்டுவேன். அவளைக் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டி வருவேன். அம்மா படத்திலிருந்து முறைத்தால் முறைக்கட்டும். இந்த வீட்டில் இனி ஒருத்தியும் பின்கட்டில் உட்கார மாட்டாள். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

தட்டைக் காலால் தள்ளிய உங்கள் நாத்தனார்,
செல்வி