அந்த ஞாயிறு இங்கே கரண்ட் இருந்தது

மட்டக்களப்பு
16.09.2009

அன்புள்ள மகள் பிறிசில்லாவுக்கு,

கடவுள் கிருபையால் நானும் மம்மாவும் இங்கே நடமாடித் திரிகிறோம், மம்மாவின் வலது முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே மெல்பேர்னில் நீயும் மருமகன் லக்ஷனும் பேரன் குஞ்சன் ஐவனும் குளிர் பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டுமென்று மாதாவை மன்றாடிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைக் கண்டதும் உனக்குப் பகீரென்றிருக்கும். யாருக்கும் ஒன்றுமில்லை, பயப்படாதே, கிழித்தும் போடாதே. மூன்று வருடம் உன்னோடு கதைக்காதவன் திடீரென்று கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பாய். போனில் சொல்லத்தான் பார்த்தேன், ஆனால் என் வாய் உனக்குத் தெரியும், பாதிக் கதையில் எனக்குக் கோபம் வந்துவிடும், மீதிப் பாதியில் உனக்கு வந்துவிடும். தாளில் எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது.

ஐவனின் ஞானஸ்நானத்தன்று பின்னேரம் நீ போன் எடுத்து, ஏன் கொம்பியூட்டரில் எங்கள் முகம் தெரியவில்லை என்று கேட்டபோது, கரண்ட் இல்லை என்று மம்மா சொன்னாளே, அது சுத்தப் பொய். சொல்லச் சொன்னவன் நான். நீ கெட்டிக்காரி, கரண்ட் இல்லாட்டி கோல் எப்படி எடுபட்டது என்று உடனே பிடித்துவிட்டாய். பிறகு, பப்பாக்கு மனமில்லாட்டி விடுங்க, இனி நான் கேக்க மாட்டன் என்று சொல்லி வைத்துவிட்டாய். மம்மா போனைப் பிடித்தபடி என்னைப் பார்த்த பார்வையில் நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். நீ லக்ஷனைக் கல்யாணம் முடிக்கப் போகிறேன் என்றபோது, அவன் கோயிலுக்குப் போகிற பிள்ளை, நாம் சேர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று குதித்து, உன் முகத்தில் இனி விழிக்க மாட்டேன் என்று சொன்னவனும் நான்தான். ஆகவே நீ நினைத்ததில் பிழையில்லை. ஆனால் அன்றைக்கு நடந்தது அதுவல்ல. முழுவதையும் சொல்கிறேன், என் மானம் போனாலும் பரவாயில்லை, நீ மட்டும் நம்பினால் போதும்.

எங்கள் கொம்பியூட்டர் சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு உதவி நிறுவனம் கந்தோரை மூடிக்கொண்டு போகும்போது எடுத்தது என்பது உனக்குத் தெரியும். டச்பார்க் கடற்கரை வீட்டோடு நம்முடைய படமெல்லாம் கடலில் போன பிறகு, அங்கே இங்கே சொந்தக்காரர் அனுப்பிய படங்களை மம்மா அந்தப் பெட்டிக்குள்தான் சேர்த்து வைத்திருக்கிறாள். அதனால் வீட்டில் ஒரு சட்டம். பொழுதுபட்டால் வயரெல்லாம் கழற்றி, அவள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடித்து, பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைக்க வேண்டும். காலையில் இறக்க வேண்டும். இப்போதைய வீட்டுக்குக் கடல் வருவதென்றால் பஸ் பிடித்துத்தான் வர வேண்டும், அதுவும் நேர் பஸ் கிடையாது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கடல் வந்த அண்டைக்கு மட்டும் சொல்லிப்போட்டா வந்தது என்று கேட்கிறாள். நான் என் பக்கத்தைப் பிடித்துத் தூக்குகிறேன்.

ஞானஸ்நானத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது பெட்டிக்குப் பைத்தியம் பிடித்தது. காலையில் போட்டால் வைரஸ் பார்க்கிற புரோகிராம் தனக்குக் காலம் சரியில்லை என்று கத்தும். முகம் பார்த்துக் கதைக்கிற புரோகிராம் உள்ளே விடாது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இந்த இடத்தை நம்ப முடியாது என்று மஞ்சள் முக்கோணம். நான் முப்பது வருடம் ஐஸ் கொம்பனியில் எஞ்சின் பார்த்தவன், எனக்குத் தெரியாத கோளாறா என்று பெட்டியைக் கழற்றி, சைக்கிள் பம்பால் தூசு அடித்து, உள்ளே சுற்றுகிற காத்தாடிக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி விட்டேன். இரண்டு துளி என்று மம்மாவிடம் சொன்னேன், உன்னிடம் உண்மை சொல்வதென்று தொடங்கிவிட்டபடியால் சொல்கிறேன், கால் போத்தல். மம்மா தன் பங்குக்குத் திரையின் காதில் அந்தோனியார் சுரூபத்தைக் கட்டித் தொங்கவிட்டாள். அடுத்த நாள் காலை போட்டோம். பிழை அதே பிழை, எண்ணெய் மணம் மட்டும் கூடுதல்.

பிறகு பெட்டியை சைக்கிள் கரியரில் கட்டி, டவுனில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிற காத்தான்குடி மர்சூக்கிடம் கொண்டுபோனேன். பாலத்தடியில் ஆமிக்காரப் பொடியன் மறித்துத் திறக்கச் சொன்னான். சண்டை முடிந்து நான்கு மாதம், இப்போது சிரித்துக்கொண்டுதான் மறிக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்து மோந்துவிட்டு, ஐயா இதில என்ன பொரிக்கிற என்று கேட்டான். மர்சூக்கின் கடையில் போட்டால் பெட்டி பொன்போல வேலை செய்தது. எறோலண்ணன், இதில ஒரு குறையும் இல்ல, எண்ணெயக் கொஞ்சம் குறைங்க என்றான். வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அன்றைக்கு நல்லது. மறுநாள் காலை திரும்பவும் மஞ்சள் முக்கோணம். இப்படி மூன்று தடவை. பாலத்தடிப் பொடியன் மூன்றாம் தடவை திறக்கச் சொல்லாமலே கையசைத்து அனுப்பினான். மர்சூக் என்னை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினான், மனுசன் தனிமையில் கதைக்க ஆளில்லாமல் வருகிறார் என்று நினைத்திருப்பான்.

சனிக்கிழமை, அதாவது ஞானஸ்நானத்துக்கு முதல் நாள், அவனே வீட்டுக்கு வந்தான். வந்தவன், அண்ணன் இத ராவைக்கு எங்க வைக்கிற என்று கேட்டான். அலுமாரிக்கு மேலே என்றேன். வயரக் கழத்திப்போட்டா என்று கேட்டான். ஓம் என்றேன். அவன் கதிரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். விசயம் இதுதான். பெட்டிக்குள் திகதியை நினைவில் வைக்க ஒரு சின்னப் பற்றரி இருக்கிறது, காசளவு வட்டம், கைக்கடிகாரத்துக்குப் போடுகிற சாதி. அது சாகக் கிடந்தது. கரண்டில் கொழுவியிருக்கும் மட்டும் மணி சரியாக ஓடும். வயரைக் கழற்றினால் சைக்கிளில் வருகிற கொஞ்ச நேரம் தாங்கும், இரவு முழுக்கக் கழற்றி வைத்தால் எல்லாவற்றையும் மறந்து, மறுநாள் விழிக்கும்போது 2002 ஜனவரி முதலாம் திகதியில் விழிக்கும். இன்றைய இணையப் பக்கங்கள் நீட்டுகிற பத்திரங்களைப் பார்த்து, இதெல்லாம் இன்னும் பிறக்காத திகதி, நம்ப மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். மர்சூக் தன் கடையில் எந்தப் பெட்டியைப் போட்டாலும் முதல் வேலையாக மணியைத் திருத்துவான், அது அவன் கைப்பழக்கம், அதனால் அங்கே கோளாறு தெரியவே இல்லை. திரையின் கீழ் மூலையில் அந்தத் திகதி மூன்று கிழமையாக இருந்திருக்கிறது. நான் எஞ்சினைத்தான் பார்த்தேன், மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. மர்சூக் திகதியை மாற்றப் போகும்போது மம்மா, கொஞ்சம் பொறு மனே, 2002ல நம்மட க்ளைவ் இரிக்கான் என்றாள். என் தம்பி தண்ணீரில் போய் ஐந்து வருடமாகப் போகிறது, அவள் அவன் பெயரைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். மர்சூக் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். பிறகு அவளே, சரி மாத்து, குஞ்சனுக்கு நாளைக்கு ஞானஸ்நானம் என்றாள். புதுப் பற்றரி போட்டுத் திகதியையும் திருத்தினான். எல்லாம் சரி.

இனித்தான் என் மானம் போகிற இடம். மூன்று வருடத்துக்குப் பிறகு உனக்கு முன்னால் உட்காரப் போகிறேன், கிழவனாகத் தெரியக் கூடாது என்று அன்று பின்னேரம் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசினேன். மம்மாவிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தலை கறுத்ததோ இல்லையோ, இடது காது நன்றாகக் கறுத்தது. சவர்க்காரம் போட்டேன், தேசிக்காய் போட்டேன், மண்ணெண்ணெய் கூடப் போட்டேன், காது அசையவில்லை. ஞாயிறு காலை சவரம் எடுத்து, கல்யாணக் கோட்டைப் போட்டு, கமரா இடுப்புக்கு மேலேதான் பார்க்கும் என்று தெரிந்தும் சப்பாத்தும் போட்டு உட்கார்ந்தேன். காது எவ்வளவு தெரிகிறது என்று பார்க்க வேண்டாமா? கமராவோடு வந்த படம் பிடிக்கிற புரோகிராம் ஒன்று இருக்கிறது, அதைத் திறந்தால் கண்ணாடி மாதிரி உன் முகம் தெரியும். அதில் பார்த்துப் பார்த்து முடியை இழுத்துக் காதை மூடினேன். எட்டு மணியாகப் போகிறது என்று மம்மா சத்தம் போட்டதும், அந்தப் புரோகிராமின் மேல் மூலையில் இருந்த சின்னக் கோட்டு அடையாளத்தை அமத்தினேன். மறைந்துவிட்டது. மறைந்தது நின்றுவிட்டது என்று நினைத்தேன். எஞ்சின் என்றால் ஓடுகிற சத்தமாவது கேட்டிருக்கும்.

உங்களுக்குப் பகல் பன்னிரண்டரை, எங்களுக்கு எட்டு. கோல் எடுபட்டது. சேர்ச்சுக்குள் வைத்த லெப்டொப் வழியாக நீ தெரிந்தாய் மகள். நீல சாறி, மெலிந்துவிட்டாய், சாப்பிடுகிறாயா? எங்கள் திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து, கமரா வேறு ஒரு புரோகிராமின் பாவனையில் இருக்கிறது என்றது. கீழே ஓகே என்றிருந்தது. நான் ஓகேயை அமத்தினேன். திரும்ப வந்தது, திரும்ப அமத்தினேன். பதினேழு தடவை அமத்தினேன். எல்லாம் சரி என்று அது சொல்கிறது என்று நினைத்தேனே தவிர, ஒரே கமராவை இரண்டு பேர் பிடிக்க முடியாது, என்னுடைய கண்ணாடிப் புரோகிராம் அதைக் கையில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்று எனக்கு எங்கே தெரியும். உங்கள் பக்கம் நாங்கள் வெறும் கறுப்பு. சத்தமும் இல்லை, ஏனென்றால் நாங்கள் இங்கே கத்திப் பூசையைக் குழப்பிவிடுவோம் என்று லக்ஷன் லெப்டொப்பின் சத்தத்தைக் குறைத்ததை நானே பார்த்தேன். நல்ல காரியம்தான் செய்தான், நாங்கள் கத்தத்தான் செய்தோம். உன் போனுக்கு எடுத்தோம், மூடியிருந்தது.

ஆகவே நான் எல்லாவற்றையும் பார்த்தேன். நம்பாவிட்டால் கேள். தண்ணீர் ஊற்றும்போது ஐவன் அழவில்லை, சுவாமியாரின் கழுத்துத் துணியைப் பிடித்து வாயில் வைத்தான். தலை துடைக்கிற துவாயை ஞானத்தாய் மறந்துவிட்டாள், லக்ஷன் தன் சட்டைப் பைக்குள் இருந்த லேஞ்சியை எடுத்து அவ்வளவு பதமாகத் துடைத்தான். அந்தப் பிள்ளையை நான் என்னென்ன சொல்லியிருக்கிறேன் என்று நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. நீ லெப்டொப்பை மூன்று தடவை திரும்பிப் பார்த்தாய். மூன்றாம் தடவை லக்ஷன் குனிந்து வயரைச் சரிபார்த்தான். நீ, விடுங்க லக்ஷன், பப்பா வரமாட்டார் என்றாய். உன் பக்கச் சத்தம் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, இருக்கிறன் மகள், இஞ்சதான் இருக்கிறன் என்று கத்தினேன். பக்கத்து வீட்டு வல்லிபுரம் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று வேலி பாய்ந்து ஓடி வந்தார், மம்மா சாறித் தலைப்பால் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்தால் நாங்கள் உனக்குத் தெரிவோம் என்பது போல. நீ எழும்பி வந்து மூடிவிட்டாய்.

அதற்குப் பிறகுதான் மர்சூக் போனில் கிடைத்தான். அண்ணன், திரையில ஆகக் கீழ வரிசையில வேற ஏதாச்சும் திறந்து கிடக்கா என்று கேட்டான். கிடந்தது. அமத்தச் சொன்னான், அமத்தினேன். கமராப் புரோகிராம் திறந்து நான் தெரிந்தேன். கோட்டு, கழுத்துப்பட்டி, கறுத்த காது, கண்ணீரும் மூக்குத் தண்ணியுமாக ஒரு கிழவன். அந்தப் படத்தைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும், மகள். காதைச் சொன்னால் நீயும் லக்ஷனும் சிரிப்பீர்கள் என்று வெட்கப்பட்டு, கரண்ட் இல்லை என்று சொல்லச் சொன்னேன். வடிகட்டின முட்டாள்தனம். நீங்கள் நன்றாகச் சிரியுங்கள், எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்னது என் வாழ்நாளில் நான் சொன்ன ஆகப் பிழையான வார்த்தை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். லக்ஷனிடமும் கேட்டதாகச் சொல்.

பெட்டியை இப்போது பகலும் இரவும் கரண்டிலேயே விடுங்க என்று மர்சூக் சொல்கிறான், மம்மா இன்னும் இணங்கவில்லை, தூக்குகிறோம், திகதி மட்டும் பிசகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணிக்கு நான் அதற்கு முன்னால் இருப்பேன், மற்றப் புரோகிராமெல்லாம் மூடிவிட்டு. இந்த ஞாயிறு உன்னால் முடியாவிட்டால் அடுத்த ஞாயிறு. கறுப்பாகத் தெரிந்தாலும் மூடிவிடாதே மகள், சத்தத்தைக் கூட்டிப் பார். நேரத்துக்குச் சாப்பிடு. குஞ்சனுக்குக் காதை மூடித் தொப்பி போடு. ஆண்டவர் உங்கள் மூவரையும் தன் கையில் வைத்துக் காக்க வேண்டும், மாதா துணை இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

முகம் பார்க்கக் காத்திருக்கும்
உன் பப்பா
எறோல்