பலகையில் பெர்னிஸின் பெயர்

விண்ட்சர்,
திங்கட்கிழமை

அன்பு மகள் நடீனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்த வடக்குக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் தேவலை. உன் அண்ணன் லூக் கூரைப் பனியைத் தள்ள வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி வரவேயில்லை, கடைசியில் நானே ஏறினேன், அம்மா கீழே நின்று கத்தித் தீர்த்துவிட்டாள். இதெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். இப்போது காலை மணி பதினொன்று, வேலை நாளில் நான் சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், அதிலேயே ஏதோ சரியில்லை என்று உனக்குப் புரிந்திருக்கும்.

எங்கள் ஆலையில் கார் சீட்டுகள் நகர்ந்து வருகிற வரிசைக்கு மேலே ஒரு கயிறு தொங்குமே, நினைவிருக்கிறதா? தப்பைக் கண்டால் யாரும் இழுக்கலாம், வரிசை நின்றுவிடும், எந்த இடத்தில் இழுத்தார்களோ அந்த இடத்துக்கான பாட்டு ஒலிக்கும். குடும்பங்களை உள்ளே விட்ட நாளில், என் குழுவில் போல்ட் முடுக்குகிற பெர்னிஸ் இடத்துப் பாட்டைக் கேட்டுவிட்டு நீ ஒரு மாதம் வீடு முழுக்க அதையே முனகிக்கொண்டு திரிந்தாய். செப்டம்பரில் ட்ரென்ட் ஹாஸ்கல் என்று புது மேனேஜர் வந்தான். ஒரு போல்ட் முடுக்கத் தெரியாது, ஆனால் வந்த வாரமே, கயிற்றை இழுப்பவர் பெயரை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும் என்றான். எழுத வேண்டியது குழுத் தலைவன், அதாவது உன் அப்பன். முதல் பெயரே பெர்னிஸ். அன்று அவள் ஏழு முறை இழுத்தாள், ஏழும் நியாயம், நான் ஏழு கோடு போட்டேன். அவள் பக்கத்தில் வந்து நின்று, நல்லா பெருசா எழுது ரே, கண்ணாடி போடாதவங்களுக்கும் தெரியட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது, வாயை மூடிக்கொண்டேன். பயந்துதான் மூடிக்கொண்டேன், அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

அப்புறம் பாட்டு குறைந்துகொண்டே வந்தது. ஒரு வாரம் முழுக்க ஒன்றுகூட ஒலிக்கவில்லை. ட்ரென்ட் எல்லோருக்கும் பீட்சா வரவழைத்து, பாத்தீங்களா, தப்பே இல்லாம ஓடுது என்றான். தப்பா இல்லாமல் போயிற்று? இழுக்கத்தான் ஆளில்லாமல் போயிற்று. அந்தப் பீட்சாவை நானும் தின்றேன். இருபது வருடம் வேலை பார்த்தவர்கள் முடுக்கிய போல்ட்டையே திரும்பத் திரும்ப முடுக்கினார்கள், தங்கள் கையையே நம்பவில்லை. போன வியாழக்கிழமை பெர்னிஸின் முடுக்கும் மெஷின் வலு இழந்துவிட்டது, அதுவும் சீட் பெல்ட்டைப் பிடித்திருக்கிற போல்ட், சரியாக இறுகவில்லை. அவளுக்குத் தெரிந்தது, பிறகு அவளே சொன்னாள். கயிற்றுக்குக் கை போயிற்று, பலகையைப் பார்த்தாள், கையை இறக்கிவிட்டாள். இருபத்தாறு சீட்டுகள் அப்படியே போய்விட்டன. லாரியில் ஏற்றுமுன் அடுத்த ஷிப்ட்காரர்கள் கண்டுபிடித்ததால் தப்பித்தோம். இல்லாவிட்டால் யாரோ தன் பிள்ளையை அதில் உட்காரவைத்திருப்பார்கள். ஏன் இழுக்கலை என்று நான் கத்தினேன். கை போல்ட்ல இருக்கு, கண்ணு உன் பலகையில இருக்கு, எதை வச்சு வேலை பாக்கச் சொல்ற என்றாள். உன் பலகை என்றாள் நடீன், ட்ரென்டின் பலகை என்று சொல்லவில்லை.

இன்று காலை ட்ரென்ட் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினான். எல்லாம் அவளுடைய கவனக்குறைவு, வேலையை விட்டு நீக்கலாம் என்று எழுதி, கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. நீக்கப் போகிறவளை, ஆள் பற்றவில்லை என்று இன்றும் வரிசையில்தான் நிறுத்தியிருந்தார்கள், அதுதான் அவர்கள் லட்சணம். ரேமண்ட், நீங்க போட்டா இது அவங்களோட முடிஞ்சிடும், போடலைன்னா விசாரணைல உங்க பேரும் வரும், பதினாலு மாசம்தான் இருக்கு, யோசிங்க என்றான். நான்கு இரவு தூங்காமல் யோசித்தாயிற்று. தாளைத் திருப்பி, பலகைக்குப் பயந்துதான் அவள் கயிற்றை இழுக்கவில்லை, அந்தப் பலகையில் எழுதியவன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நேரே போய்ப் பலகையைச் சட்டைக் கையால் துடைத்தேன். எல்லோரும் பார்த்தார்கள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போங்க, கூப்பிடுறோம் என்றார்கள்.

இன்னும் கூப்பிடவில்லை. வேலை போகலாம், பெர்னிஸுக்கும் போகலாம். ஆனால் குளிரில் கார் எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு வெளியே நின்றபோது, ஆலையின் லாரி வாசல் வழியாக ஒரு பாட்டு கேட்டது. பெர்னிஸ் இடத்துப் பாட்டு, நீ முனகிக்கொண்டு திரிந்த அதே பாட்டு. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அது முடிகிறவரை நின்று கேட்டேன்.

அம்மாவிடம் மாலையில் நானே சொல்லிவிடுவேன். நீ கவலைப்படாமல் வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். காரில் ஏறியதும் பெல்ட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பு, மறக்காதே.

உன் அப்பா,
ரேமண்ட்